ஆயிரத்து நூற்றிருபது வாய்கள்

மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு, பெய்வதா கலைவதா என்று இன்னும் முடிவு செய்யாத ஒரு வானத்தின் கீழ், பல்செட் கட்டும் கடைக்காரரும் அவருடைய மனைவியும் சிறுதொழில் இலக்கு வாரியத்தின் படிகளில் ஏறினார்கள். காற்று இல்லை. வாசலில் கட்டியிருந்த பதாகை அசையாமல் தொங்கியதால் அதை முழுவதும் படிக்க முடிந்தது: "எட்ட முடிந்ததே இலக்கு, மற்றது பொழுதுபோக்கு."

அந்த ஊரில் அந்த ஆண்டு முதல் இலக்கு இல்லாமல் கடை நடத்துவது குற்றமாகியிருந்தது. இலக்கு வைத்துவிட்டு அதை எட்டாமல் விடுவது அதைவிடப் பெரிய குற்றம். உரிமம் ரத்தாகும், கருவிகள் முத்திரையிடப்படும், கடையை ஒட்டிய குடியிருப்பும் கடையாகவே கருதப்படும். இவர்கள் குடியிருந்தது கடைக்குப் பின்புறம் இருந்த ஒன்றரை அறையில்.

கடை என்பது நடுவில் திரை தொங்கும் ஒரே அறை. திரைக்கு முன்னால் மனைவியின் தையல் இயந்திரம்; பின்னால் அவருடைய மேசை, சாந்து அச்சுகள், மெழுகு உருக்கும் விளக்கு, அட்டையில் வரிசையாக ஒட்டப்பட்டு வரும் பற்கள். தெரு அவரைப் பல்லுக்காரர் என்று அழைத்தது. மனைவிக்குக் கத்தரிக்கோல் கையில் நிற்காது. எப்போதும் ஏதோ ஒரு துணிக்கடியில் போய் ஒளிந்துகொள்ளும். அவள் தேடமாட்டாள். குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுப்பாள். முப்பது ஆண்டுகளாக மற்றவர்களின் வாய்களையே பார்த்துவரும் கணவர், அப்படி ஒரு குறையில்லாத பல்வரிசையை வேறெங்கும் கண்டதில்லை. அதை அவளிடம் புகழ்ந்து சொன்னதும் இல்லை.

"நீ இருக்கிற வரைக்கும் என் தொழிலுக்கு வீட்டுல மரியாதை கிடையாது" என்பார்.

"எல்லாரும் என்னை மாதிரி இருந்தா உங்களுக்குத் தொழிலே கிடையாதுங்க" என்று அவள் சிரிப்பாள். அப்போது அத்தனை பற்களும் தெரியும்.

வாரியத்தில் முதல் வேலை அடையாளப் பதிவு. கையொப்பத்தை வாரியம் நம்புவதில்லை. அதைப் பிறர் போட்டுவிடலாம். ரேகையையும் நம்புவதில்லை, அது தேய்ந்துபோகலாம். ஆகவே உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் ஒரு மெழுகுத் தகட்டைக் கடித்துக் கொடுக்க வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். கடையின் உரிமம் இருவர் பெயரிலும் இருந்ததால் இருவரும் கடித்தார்கள்.

"நல்லா அழுத்திக் கடிங்க. மேலயும் பதியணும், கீழயும் பதியணும்" என்றார் எழுத்தர்.

"சார், கொஞ்சம் உப்புப் போட்டிருக்கலாம்" என்றாள் மனைவி.

எழுத்தர் சிரிக்கவில்லை. தகட்டில் எண் பொறித்து, ஈரத் துணியில் சுற்றி, குளிர்ச்சியான ஒரு பேழைக்குள் வைத்தார். மெழுகு, பல்லுக்காரர் தம் கடையில் பயன்படுத்துவதைவிட உயர்ந்த ரகம்; அளவெடுப்பதற்கென்றே செய்யப்படுவது; அடையாளத்துக்கு அவ்வளவு நல்ல மெழுகு தேவையில்லை. அவருக்கு வியப்பாக இருந்தது. ஆனால், வியப்பைப் பதிவு செய்வதற்குப் படிவத்தில் இடம் விடப்பட்டிருக்கவில்லை.

பிறகு செயலாளர் உரை. அரங்கில் தெருவின் கடைக்காரர்கள் பலரும் அமர்ந்திருந்தார்கள்: டீக்கடைக்காரர், மிட்டாய்க் கடைக்காரர், மளிகைக்காரர். மேடையில் செயலாளரும் நான்கு அதிகாரிகளும்.

"நண்பர்களே," என்று தொடங்கினார் செயலாளர். "சென்ற ஆண்டு வேறோர் ஊரில் ஒரு கடைக்காரர் தம் இலக்கு 'வாடிக்கையாளர்களின் மனநிறைவு' என்று எழுதினார். மனநிறைவை எந்தக் கோலால் அளப்பது? அவருடைய கடை இப்போது வாகன நிறுத்துமிடமாக மிகுந்த மனநிறைவோடு இயங்கிவருகிறது. இலக்கு திட்டவட்டமாக இருக்க வேண்டும். எண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். காலவரையறை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடைமுறைக்கு ஒத்ததாக இருக்க வேண்டும். 'ஒத்துவரவில்லையே, என்ன செய்வது' என்று நீங்கள் கேட்கலாம். பழைய காலத்தில் இலக்கைக் குறைத்தார்கள். அது சோம்பல். நாங்கள் நடைமுறையைத் திருத்துகிறோம்."

மேடையிலிருந்த நால்வரும் கைதட்டவில்லை. தலையைச் சற்று உயர்த்தி, மேல்வரிசைப் பற்களைக் கீழ்வரிசையின் மேல் தட்டினார்கள். கடகடவென்று சீரான ஓசை எழுந்து நின்றது. வாரியத்தின் பாராட்டு முறை அது என்று பிறகு தெரியவந்தது.

பல்லுக்காரர் முன்வரிசையில் இருந்தார். ஓசையைக் கேட்டதும் தொழில்முறைக் கவனத்தோடு மேடையைப் பார்த்தார். நால்வருக்கும், செயலாளருக்கும், ஒரே நிறம், ஒரே அகலம், ஒரே வளைவு. இயற்கைப் பற்களுக்கு அவ்வளவு ஒற்றுமை கிடையாது.

"ஐந்து பேருக்கும் கட்டுன பல்லு" என்று மனைவியின் காதில் சொன்னார்.

"ஐந்து பேருக்குமா? சின்ன வயசா இருக்காங்களே."

"அதான் எனக்கும் புரியல. ஆனா நல்ல வேலை. யாரோ கைதேர்ந்தவன்."

உரை முடிந்து படிவம் வந்தது. பல்செட் தொழிலில் கணக்கு வாய்க்கு அல்ல, பல்லுக்கு. பற்கள் எண்ணித்தான் வருகின்றன. உடைந்தவற்றை எண்ணித்தான் கழிக்க வேண்டும். கடைசிக் கடைவாய்ப் பற்களை யாரும் வைத்துக் கட்டுவதில்லை என்பதால் ஒரு வாய்க்கு இருபத்தெட்டு. ஆண்டுக்கு நாற்பது வாய் அவருக்கு வழக்கம். ஆகவே 'ஆண்டு இலக்கு' என்ற கட்டத்தில், சந்தைக்குப் போகும்போது பையை எடுத்துக்கொள்வதைப் போன்ற இயல்போடு, 1120 என்று எழுதினார்.

அடுத்தது எட்டும் அறை. அதன் கூரையில் ஒரு கப்பி. கப்பியில் ஒரு கயிறு. கயிற்றின் நுனியில் ஓர் அட்டை. இலக்கின் அளவுக்கு ஏற்ற உயரத்தில் அட்டையைத் தொங்கவிடுவார்கள். உரிமையாளர் அதன் கீழ் நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல், கையை உயர்த்திக் காட்ட வேண்டும். டீக்கடைக்காரரின் அட்டை அவருடைய விரல்நுனியை உரசியது. மளிகைக்காரருக்குப் பெருவிரலை ஊன்றினால் எட்டும் போல இருந்தது. பல்லுக்காரரின் அட்டை மின்விசிறிக்கு மேலே போய் நின்றது.

"சார், எனக்கு எட்டலையே" என்றார்.

"இன்னிக்கே எட்டணும்னு யார் சொன்னா? வருஷக் கடைசிவரை டைம் இருக்கு" என்றார் அறைப் பொறுப்பாளர். "குதிக்காதீங்க. குதிச்சா கணக்குல சேராது."

திரும்பும் வழியில், பேருந்து நிறுத்தத்துக்குச் சற்று முன்னால், மனைவி நடையை நிறுத்தினாள்.

"என்னங்க, அந்தக் கட்டத்துக்கு மேல 'பயனாளிகள்'னு போட்டிருந்துச்சே. நீங்க பல்லை எழுதிட்டீங்களா, ஆளை எழுதிட்டீங்களா?"

வானம் முடிவுக்கு வந்து, தூற ஆரம்பித்தது.

மறுநாள் அதே எழுத்தரின் முன்னால் நின்றார்.

"திருத்தலாமே" என்றார் எழுத்தர். "எவ்வளவுக்கு ஏத்தணும்?"

"ஏத்த வேண்டாம் சார். இறக்கணும். நான் பல்லுக் கணக்கை எழுதிட்டேன். ஆளுக் கணக்கு நாற்பதுதான்."

"இறக்கறதுக்குப் பேர் திருத்தம் இல்லைங்க. அதுக்குப் பேர் தோல்வி. அது வேற கவுன்ட்டர்." அவர் சுட்டிக்காட்டிய கவுன்ட்டருக்குப் பின்னால், முத்திரையிடுவதற்கான அரக்கை ஒருவர் சிறு அடுப்பில் உருக்கிக்கொண்டிருந்தார். பல்லுக்காரர் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

ஏப்ரல் மாதத்தில் நடைமுறை ஆய்வு தொடங்கியது. அதற்கென்று நியமிக்கப்பட்ட ஆய்வாளர், அன்று மேடையிலிருந்த நால்வரில் ஒருவர்; இளைஞர், மரியாதை தெரிந்தவர், நெஞ்சுப்பையில் ஒரு சிறு டார்ச் லைட். அவரும் இரண்டு உதவியாளர்களும் பேருந்து நிறுத்தத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நின்று, போகிறவர் வருகிறவர் எல்லாரையும் வாயைத் திறக்கச் சொன்னார்கள். முதலில் தெரு அதை இலவசப் பல் முகாம் என்று எண்ணி வரிசையில் நின்றது. "சொத்தை இருக்கா தம்பி?" என்று கேட்டவர்களுக்கு ஆய்வாளர், "இல்லையே, வருத்தமா இருக்கு" என்று உண்மையான வருத்தத்தோடு பதில் சொன்னார். ஆய்வு முடிந்த வீடுகளின் நிலைக்கதவில் ஒரு சிறிய வட்டச் சீட்டு ஒட்டப்பட்டது. பற்கள் உறுதியாக உள்ள வீட்டுக்குச் சிவப்பு. தெரு முழுவதும் சிவப்பாகத் தெரிந்தது.

அறிக்கையின் ஒரு பிரதி பல்லுக்காரருக்கும் வந்தது. அதன் சாரம் ஒரே வாக்கியம்: "இப்பகுதியில் பற்கள் தேவைக்கு அதிகமாக உள்ளன, இலக்குக்கு இதுவே முதன்மைத் தடை."

"தடையா?" என்றாள் மனைவி. "தடைன்னா எடுத்துடுவாங்களே."

அவள் அதை வேடிக்கையாகத்தான் சொன்னாள்.

ஜூன் மாதத்தில் இலக்குகளை இசைவிக்கும் பணி நடைபெற்றது. ஒரு கடையின் இலக்கு மற்றொரு கடையின் இலக்கோடு முரண்படக் கூடாது என்பது வாரியத்தின் கொள்கை. மிட்டாய்க் கடைக்காரரின் இலக்கை மூன்று மடங்காக்கி, பள்ளிக்கூட வாசலுக்கே கடையை நகர்த்திக் கொடுத்தார்கள். மளிகைக் கடையிலிருந்த பற்பசையும் பல்துலக்கியும் 'இலக்கு முரண்பாடு' என்று எழுதிய கோணிப்பையில் போட்டு எடுத்துச் செல்லப்பட்டன. சந்தைக் கட்டடத்தின் மாடிப்படிக் கைப்பிடி பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டது. அதற்கு மறுநாள் படிக்கட்டின் விளக்கும் பராமரிப்புக்குப் போனது. பராமரிப்பு என்பது நேரம் பிடிக்கும் வேலை; அவை திரும்பி வரவில்லை.

அந்த வாரமே ஒரு பேருந்து நடத்துநர் வாயில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு கடைக்கு வந்தார். முன்பற்கள் நான்கு போயிருந்தன.

"எங்கே விழுந்தீங்க?"

"ஷந்தைப் படில" என்றார் நடத்துநர். கைக்குட்டையை எடுக்காமல், கண்ணை மட்டும் உயர்த்தி, "நீங்க ஷொல்லித்தான் கைப்பிடியை எடுத்தாங்களாமே?" என்று கேட்டார்.

"நானா? ஐயோ, நான் எதுக்குங்க..."

"வாஷல்ல போர்டு வெச்சிருக்காங்க. உங்க பேர் போட்டு."

பல்லுக்காரர் போய்ப் பார்த்தார். படிக்கட்டின் அடியில் பளபளப்பான ஒரு பலகை இருந்தது. "இத்தொழில் முனைவோரின் இலக்குக்கு இந்தப் படிக்கட்டு ஒத்துழைக்கிறது." கீழே கடையின் முகவரி.

அதன்பின் தெருவில் அவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. வெறுப்பு என்று சொல்ல முடியாது, எச்சரிக்கை. எதிரில் வருகிறவர்கள் உதட்டை இறுக்கிக்கொண்டார்கள். பேச வேண்டி வந்தால் கையால் வாயை மறைத்துக்கொண்டு பேசினார்கள். டீக்கடைக்குள் அவர் நுழைந்தால் சலசலப்பு அடங்கி, டம்ளர்கள் வைக்கப்படும் சத்தம் மட்டும் கேட்கும்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே" என்றார் டீக்கடைக்காரர், வாயை அதிகம் திறக்காமல். "முன்னெல்லாம் நீங்க எங்க மூஞ்சியைப் பார்த்தா, நலம் விசாரிக்கிறீங்கன்னு இருக்கும். இப்ப எண்ணுற மாதிரி இருக்கு."

"நான் எண்ணலப்பா. அவங்க எண்ணுறாங்க."

"எங்களுக்கு வித்தியாசம் தெரியலையே அண்ணே. டீ சூடா வேணுமா, ஆத்தித் தரட்டுமா? சூடா குடிச்சா பல்லுக்கு ஆகாதுன்னு சொன்னேன், அதுக்கே ஆய்வாளர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு."

புதிய பல்செட் ஒவ்வொன்றுக்கும் வாரியத்திலிருந்து ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அவற்றைப் பார்வைக்கு மாட்டி வைக்க வேண்டும் என்பது விதி. பல்லுக்காரர் அவற்றைத் திரைக்குப் பின்னால், அச்சுகளுக்கு அடியில் வைத்தார். வேலை கூடியிருந்தது. வந்தவர்கள் எல்லாரும் இளவயதினர். ஈறு காய்வதற்கு முன்பே அளவெடுக்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் மாதத்தில் ஒரு பிற்பகலில் ஆய்வாளர் கடைக்கு வந்தார். கோட்டின் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"கழற்றிக் கொடுங்க தம்பி, ரெண்டு தையல்ல முடிச்சிடறேன்" என்றாள் மனைவி.

அவர் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பல்லுக்காரரைப் பார்த்து, "நீங்க ரொம்பப் பின்தங்கியிருக்கீங்க" என்றார். "வருத்தமா இருக்கு. நல்ல மனுஷர் நீங்க. படிக்கட்டு தன் பங்கைச் செஞ்சிருக்கு, மிட்டாய்க் கடை செஞ்சிருக்கு. நீங்கதான் ஊக்கமில்லாம இருக்கீங்க. வர்ற மாசம் வாரியம் பள்ளிக்கூடத்தைப் பத்தி யோசிக்கப் போகுது."

"பள்ளிக்கூடத்துல என்ன தம்பி?"

"ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் இருக்குல்ல. பராமரிப்புக்கு எடுக்கணும்னு ஒரு எண்ணம். சங்கிலியை மட்டும்."

ஊசி ஒரு நொடி நின்றது. மனைவி பொத்தானைத் தைத்து முடித்து, வழக்கம்போலக் குனிந்து, நூலைக் கடித்து அறுத்தாள். ஆய்வாளர் பேசுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்.

"கத்தரிக்கோல் இல்லையாம்மா?"

"இருக்கும் எங்கயாவது. அதைத் தேடற நேரத்துல நாலு பட்டன் தைச்சிடலாம்."

"எல்லாமே சொந்தப் பல்லா?"

"பின்ன, இவர்கிட்ட கடன் வாங்கியா?"

அவர் சட்டைப் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவராக, அதை ஏற்றாமலே திரும்ப வைத்துவிட்டார். தம்முடைய தாடையை ஒருமுறை தடவிக்கொண்டார். "எங்களால நூல் கடிக்க முடியாது" என்றார் மெதுவாக. "வழுக்கிடும்."

பல்லுக்காரர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்களுக்கு யார் கட்டுனது?"

"இதுக்கு முன்னால வாரியம் இருந்த ஊர்ல ஒருத்தர். உங்களை மாதிரியே கடை. அவருக்கு வருஷக் கடைசியில அஞ்சு ஆறு குறைஞ்சுது. நல்ல மனுஷர், கடையை இழுத்து மூடுறதைப் பார்க்க எங்களுக்கு மனசு வரலை." ஆய்வாளர் எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். "நாங்க பிறருக்குச் சொல்றதை முதல்ல நாங்க செஞ்சு காட்டுவோம். அவர் இலக்கை எட்டிட்டாரு."

"இப்ப எங்கே இருக்காரு?"

"எட்டினதுக்கப்புறம் அங்கே கடைக்கு என்ன வேலை?"

வாசலில் நின்று அவர் இன்னும் ஒன்று சொன்னார். விதிகளில் சலுகைப் பிரிவு ஒன்று உண்டு. உரிமையாளர் ஒரே ஒருமுறை, இலக்கைக் குறைக்கும்படி விண்ணப்பிக்கலாம். நிபந்தனை ஒன்றே ஒன்று: புதிய இலக்கை உரிமையாளர் பிறரைத் தொந்தரவு செய்யாமல், தம் சொந்த வளத்தைக் கொண்டே எட்ட வேண்டும்.

"அப்ப பள்ளிக்கூடம்?"

"விண்ணப்பம் ஏத்துக்கிட்டா பள்ளிக்கூடம் எதுக்கு? கைப்பிடிகூடத் திரும்பி வந்துடும்."

கணவனும் மனைவியும் விண்ணப்பத்தை அன்றே எழுத உட்கார்ந்தார்கள். எந்த எண் சரியான எண் என்பதில் விவாதம் நடந்தது. பல்லுக்காரர் பத்து என்றார்.

"பத்துப் பேருக்கு எங்கே போவீங்க? இன்னும் பத்துப் பேர் விழணுமா?" என்றாள் மனைவி. "ரெண்டுன்னு எழுதுங்க. ரெண்டே ரெண்டு. சின்னதா, கைக்கெட்டற தூரத்துல. யாருக்கும் வலிக்காது."

"ரெண்டுன்னா வாரியத்துக்கு அவமானமா இருக்காதா?"

"நமக்குத்தான் அவமானம். அதை நாம பார்த்துக்கலாம். அந்த ரிட்டையரான தபால்காரரும் அவர் தம்பியும் பழைய செட்டு தேஞ்சுபோச்சுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்கல்ல? அவங்களுக்குப் புதுசாக் கட்டிக் கொடுத்துடுங்க. கணக்கு முடிஞ்சுது."

அவர் மனைவியை நன்றியோடு பார்த்தார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். விண்ணப்பத்தில் 'இரண்டு' என்று எழுத்திலும் எண்ணிலும் எழுதினார். 'யார்' என்ற கட்டத்தை, வாரியத்துக்கு அது தேவைப்படாது என்று எண்ணி, வெறுமையாக விட்டார்.

அக்டோபரில் நேர்காணல். செயலாளரே கேட்டார்.

"இந்த இருவரும் தங்களுக்கு அருகில் உள்ளவர்களா?"

"ரொம்பப் பக்கம் சார்."

"தேடி அலைய வேண்டியதில்லை?"

"இல்லை சார்."

"தாங்கள் அழைத்தால் மறுக்காமல் வருவார்களா? அழுகை, புகார், உறவினர்களின் கூச்சல் போன்றவை எழாதே?"

"அதெல்லாம் ஒண்ணும் வராது சார். எங்க பேச்சுக்கு மறுபேச்சு பேசமாட்டாங்க."

செயலாளரின் முகம் கனிந்தது. "பத்து ஆண்டுகளாக இந்த நாற்காலியில் இருக்கிறேன்" என்றார். "கடைக்காரர்கள் மலைகளைக் கேட்பார்கள், பிறகு மலை விழுந்துவிட்டது என்று அழுவார்கள். தம் கைக்குள் இருப்பதை மட்டும் கேட்ட முதல் மனிதர் நீங்கள். நடைமுறை என்றால் என்ன என்று நாங்கள் நூல்களில் எழுதினோம். நீங்கள் வாழ்ந்து காட்டப் போகிறீர்கள்."

மேசையைச் சுற்றிப் பற்கள் கடகடத்தன. பல்லுக்காரருக்கு வெட்கமாக இருந்தது. அவரும் லேசாகத் தம் பற்களைத் தட்டினார், மரியாதைக்காக.

மறுநாளே சந்தைப் படிக்கட்டில் கைப்பிடி திரும்பப் பொருத்தப்பட்டது. ஊஞ்சல் சங்கிலிகளுக்கு எண்ணெய் போட்டார்கள். வீட்டுக் கதவுகளிலிருந்த சிவப்புச் சீட்டுகளை உதவியாளர்கள் ஈரத்துணியால் துடைத்து எடுத்துக்கொண்டு போனார்கள். பல்லுக்காரரின் கடைக் கதவில் மட்டும் புதிதாக இரண்டு ஒட்டினார்கள். ஏதோ தவறுதல் என்று மனைவி சுரண்டிப் பார்த்தாள், வரவில்லை. தெரு அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. டீக்கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். "அண்ணே, மன்னிச்சுக்குங்க, உங்களைத் தப்பா நினைச்சுட்டோம்" என்று சொல்லி, சூடாகவே டீ கொடுத்தார்.

முடிவைப் பெற்றுக்கொள்ள நவம்பர் மாதம் ஒரு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். மனைவியும் உடன் வந்தாள். ஆனால் முடிவைப் பெறுகிறவர் மட்டும் உள்ளே வரலாம் என்பதால் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். காவலாளியின் சட்டையில் தையல் விட்டிருப்பதைக் கண்டு, "வாங்க, இப்படி நில்லுங்க" என்று பையிலிருந்து ஊசி நூலை எடுப்பதைப் பார்த்தபடி பல்லுக்காரர் உள்ளே போனார்.

அது எட்டும் அறை. செயலாளர், ஆய்வாளர், மற்ற மூவர். கூரையிலிருந்து கயிறு தொங்கியது. மின்விசிறிக்கு மேலே ஒரு காலத்தில் நின்ற அட்டை இப்போது மிகத் தாழ்வாக இறக்கப்பட்டிருந்தது.

"வாருங்கள், வந்து நில்லுங்கள்" என்றார் செயலாளர்.

அவர் போய் நின்றார். கையை உயர்த்த வேண்டிய தேவை இருக்கவில்லை. அட்டை சரியாக அவருடைய வாய்க்கு நேராக, உதட்டைத் தொட்டும் தொடாமலும் ஆடிக்கொண்டிருந்தது. அதில் '2' என்று எழுதியிருந்தது.

"எட்டுகிறதா?"

"எட்டுது சார்."

"முடிவைப் படியுங்கள்" என்றார் செயலாளர். ஆய்வாளர் எழுந்து, கோட்டின் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, அரசாங்கத் தமிழில் படித்தார்.

"விண்ணப்பதாரரின் கோரிக்கை முழுமையாக ஏற்கப்படுகிறது. இலக்கு இரண்டு வாய்கள் எனக் குறைக்கப்படுகிறது. ஏற்கெனவே செயற்கைப் பற்கள் அணிந்துள்ள எவரும் பயனாளி ஆகார் என்பதால், நடைமுறை ஆய்வில் அவ்வாறு பதிவான ஓய்வுபெற்ற தபால்காரரும் அவருடைய தம்பியும் கருதப்படவில்லை. பயனாளிகள் யார் என்பதை விண்ணப்பதாரர் குறிப்பிடாததால், அருகாமை, ஒத்துழைப்பு, சொந்த வளம் என்று அவரே வாக்குமூலத்தில் கூறிய தகுதிகளைக் கொண்டு வாரியம் அதை நிரப்பியுள்ளது. அளவுகள் பதிவின்போதே மெழுகில் பெறப்பட்டுவிட்டதால் மறுபடியும் அளவெடுக்கும் சிரமம் இல்லை. காலவரையறை: இன்று மாலை. ஒருவருக்கு விண்ணப்பதாரரே கட்டுவார். விண்ணப்பதாரருக்கு வேண்டிய செட், பாராட்டின் அடையாளமாக, முந்தைய ஊரில் அவர் போலவே இலக்கை எட்டியவரைக் கொண்டு முன்கூட்டியே செய்து வைக்கப்பட்டுள்ளது."

அரக்கு உருக்கும் மணம் வந்தது. பக்கத்து அறைக் கதவு சற்றுத் திறந்திருந்தது. உள்ளே உயரமான ஒரு நாற்காலியும், அதற்கு நேர்மேலே ஒரு விளக்கும், வெள்ளைத் துணி விரித்த ஒரு தட்டும் தெரிந்தன. பல்லுக்காரர் அந்தத் தட்டிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக அறிவார். நல்ல கருவிகள். அவர் இதுவரை வாங்க முடியாதவை.

செயலாளர் கையொப்பமிட்டார். மை உலரும்வரை காத்திருந்தார். பிறகு தாளை மடித்து, அதோடு புதிய சிறு கத்தரிக்கோல் ஒன்றைச் சேர்த்து நூலால் கட்டினார்.

"இது தங்கள் துணைவியாருக்கு" என்றார். "இனிமேல் தேவைப்படும். கையில் நிற்காது என்று ஆய்வாளர் சொன்னார்; ஆகவே கழுத்தில் மாட்டிக்கொள்ள நாடாவும் வைத்திருக்கிறோம். வாரியம் எதையும் மறப்பதில்லை."

பற்கள் கடகடத்தன. பிறகு ஐவரும் ஒரே நேரத்தில் நிறுத்திவிட்டு, அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்கள்.

"என்னங்க, கேட்டது கிடைச்சிருக்கு" என்றார் ஆய்வாளர் பரிவோடு. "வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

பல்லுக்காரர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அந்த நேரத்தில், நடையில் காவலாளி என்னவோ சொல்ல, அவருடைய மனைவி உரக்க, வாய் கொள்ளாமல் சிரிக்கும் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. ஐந்து தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. செயலாளர் மட்டும், தலையைத் திரும்பக் கொண்டுவராமலேயே, கையை நீட்டி, கையொப்பமிட்ட முடிவை அவரிடம் கொடுத்தார்.